புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வீங்கும் கால்: முதலில் வற்ற வையுங்கள், பிறகு காலுறை மாட்டுங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் முடிந்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்து, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு ஒரு நாள் ஒரு கால் மட்டும் கனக்கத் தொடங்கும். கொலுசு பதிந்த தடம் ராத்திரி வரை மறையாது. மெட்டி சுழலாது. வழக்கமான செருப்பின் வார் ஒரு பக்கம் மட்டும் இறுக்கும். வலி பெரிதாக இருக்காது என்பதால் பலரும் இதை அலைச்சல், சூடு, வாயு என்று தள்ளிப்போடுகிறார்கள். நிணநீர் வீக்கத்தைச் சுலபமாகக் கட்டுக்குள் கொண்டுவரக்கூடிய மாதங்கள் அப்படித்தான் வீணாகின்றன.

கர்ப்பப்பை, சினைப்பை, பிறப்புறுப்பு, ஆண்குறி, புராஸ்டேட், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கும், காலில் வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்த வீக்கம் வரலாம். பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தெரியும். பத்து வருடம் கழித்து ஒரு முள் குத்தியோ, நீண்ட பயணத்துக்குப் பிறகோ தலைகாட்டுவதும் உண்டு.

ஏன் வருகிறது

ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீரில் ரத்தக்குழாய்க்குள் திரும்பாமல் மீந்து நிற்பதை, அதோடு சேர்ந்த புரதத்தையும் கழிவையும், நிணநீர்க் குழாய்கள் மேலே கொண்டுபோகின்றன. காலிலிருந்து வரும் இந்த நீர் முழுவதும் தொடையிடுக்கிலும் இடுப்புக்குள்ளும் உள்ள நிணநீர்க் கணுக்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். காலில் புண் வந்தால் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்த நெறிதான் இந்தக் கணு. அறுவையில் கணுக்களை எடுத்துவிட்டாலோ, கரண்ட் பட்டு அவை தழும்பாகிச் சுருங்கினாலோ வழி அடைபடுகிறது. தேங்கிய நீரில் புரதம் இருப்பதால் அது வெறும் நீர்க்கோவையாக நிற்காது. மாதங்கள் போகப் போகத் தோலுக்கடியில் நாரும் கொழுப்பும் சேர்ந்து கால் கெட்டிப்படும். விரலால் அழுத்தினால் குழி விழும் கால், தூங்கி எழுந்தால் கொஞ்சம் வற்றும் கால், இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். அழுத்தினால் குழியே விழாத கால் தாமதமாகிவிட்ட கால்.

‘நீர் பிரிய’ என்று கொடுக்கும் மாத்திரை இதற்கு ஏன் உதவாது என்பதும் இதிலேயே இருக்கிறது. மாத்திரை தண்ணீரை மட்டும் இழுத்துச் சிறுநீரில் தள்ளும். புரதம் அங்கேயே நிற்கும், மறுபடி தண்ணீரை இழுத்துக்கொள்ளும். இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அந்த மாத்திரை எழுதியிருந்தால் நிறுத்தாதீர்கள். கால் வீக்கத்துக்காக மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவதில் பயன் இல்லை.

இன்னொரு குழப்பம் யானைக்கால். நம் ஊரில் வீங்கிய காலைப் பார்த்ததும் ‘ஃபைலேரியா’ என்று டிஇசி மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அது கொசு பரப்பும் புழுவுக்கான மருந்து. புற்றுநோய் சிகிச்சையால் வந்த வீக்கத்தில் புழு இல்லை. சந்தேகம் இருந்தால் இரவு ரத்தப் பரிசோதனையோ ஆன்டிஜென் பரிசோதனையோ செய்து தெளிந்துகொள்ளலாம். ஆனால் யானைக்கால் நோயாளிகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் சொல்லித்தரும் கால் கழுவும் முறை இரண்டு வீக்கத்துக்கும் பொருந்தும். அது கீழே வருகிறது.

முதலில் உறுதி செய்ய வேண்டியவை

எந்தக் கட்டும் போடுமுன் மூன்று விஷயங்கள் இல்லை என்று தெரிய வேண்டும்.

ஒன்று, ரத்தக்கட்டி. ஓரிரு நாளில் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் அவசரப் பிரிவுக்கு. அந்தக் காலைத் தேய்த்துவிடவே கூடாது.

இரண்டு, நோய் திரும்பியிருப்பது. சில வாரங்களில் வேகமாகப் பெருகும் வீக்கம், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் கடும் வலி, மரத்துப்போதல், தொடையிடுக்கில் கட்டி ஆகியவை இருந்தால் புற்றுநோய் டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பல வருடம் பழகிய வீக்கத்திலும் அடிபடாமலே கன்றிப்போனது போல ஊதா நிறத் திட்டு வந்தால் காட்டிவிடுங்கள். அரிதாக அது வேறு ஒரு புற்றுநோயின் தொடக்கமாக இருக்கும்.

மூன்று, காலுக்குப் போதிய ரத்தம் போகிறதா என்பது. சர்க்கரை உள்ளவர்கள், பீடி சிகரெட் பழக்கம் இருந்தவர்கள், கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுபவர்கள் கணுக்காலுக்கும் கைக்கும் ரத்த அழுத்தம் ஒப்பிடும் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அந்த விகிதம் 0.5க்குக் கீழே இருந்தால் அழுத்தக் கட்டு கூடாது. 0.5 முதல் 0.8 வரை என்றால் மென்மையான அழுத்தம் மட்டும், அதுவும் டாக்டர் மேற்பார்வையில். கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பிலும் அழுத்தக் கட்டு ஆபத்து. காலில் தேங்கிய நீர் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும்.

இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின் இரண்டுமே காலை வீங்க வைக்கக்கூடியவை.

இவை எதுவும் இல்லை என்றால், வீட்டிலேயே ஒரு சோதனை. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதித் தோலை, மேல்பக்கமாக இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். நல்ல காலில் மடிப்பு எழும். நிணநீர் வீக்கத்தில் எழாது, அல்லது தடிமனாக எழும். ஆனால் ஆரம்பத்தில் வீக்கம் தொடையில் மட்டும் இருக்கும்போது இந்த மடிப்பு சாதாரணமாகவே எழலாம். அதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

அளவு எடுக்கும் நோட்டு

கண்ணுக்கு வீக்கம் குறைந்ததும் தெரியாது, கூடியதும் தெரியாது. தையற்காரர் டேப் ஒன்றும் நோட்டு ஒன்றும் போதும். காலையில் எழுந்தவுடன், நடமாடுமுன் அளவெடுங்கள். பாதத்தின் நடுவில் ஒரு சுற்றளவு. பிறகு உள்கணுக்கால் எலும்பின் மேல் விளிம்பில் தொடங்கி, பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே 4 செ.மீ.க்கு ஒன்றாகத் தொடை வரை சுற்றளவுகள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு காலையும் எடுங்கள்.

ஒரே இடத்தில் இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டிய வீக்கம். மொத்தக் கொள்ளளவு வேண்டுமானால் கணக்கு இது: அடுத்தடுத்த இரண்டு சுற்றளவுகளில் முதல் எண்ணின் வர்க்கம், இரண்டாம் எண்ணின் வர்க்கம், இரண்டையும் பெருக்கி வருவது, மூன்றையும் கூட்டி 9.42ஆல் வகுங்கள். 24, 26 என்றால் 576 + 676 + 624 = 1876. வகுத்தால் 199 மி.லி. இப்படி ஒவ்வொரு 4 செ.மீ. துண்டுக்கும் போட்டுக் கூட்டினால் காலின் கொள்ளளவு. மற்றக் காலைவிட 10 சதவீதம் கூடுதல் என்றால் சிகிச்சை தேவைப்படும் வீக்கம்தான். இரண்டு காலும் வீங்கியவர்கள் தங்கள் பழைய அளவோடு ஒப்பிட வேண்டும். கட்டுப்போடும் காலத்தில் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். தினமும் அளந்தால் கவலைதான் மிஞ்சும்.

தோல்: பாதி வேலை இங்கேதான்

வீங்கிய காலின் பெரிய எதிரி கிருமி. ஒருமுறை காலில் கிருமி பரவிக் குளிர்காய்ச்சல் வந்தால், இருக்கிற நிணநீர்க் குழாய்களும் கெட்டு, வீக்கம் கூடி, அடுத்த காய்ச்சலுக்கு வழி திறக்கும். அந்தக் கிருமி நுழையும் வாசல், பெரும்பாலும் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்.

தினமும் ராத்திரி, காலுறையைக் கழற்றிய பிறகு, சாதாரண தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் தொடையிலிருந்து பாதம் வரை கழுவுங்கள். துணி துவைக்கும் சோப்பு வேண்டாம், நாரும் பிரஷ்ஷும் வேண்டாம். கொதிக்கும் வெந்நீரும் வேண்டாம், சூடு வீக்கத்தைக் கூட்டும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் துணி நுனியை நுழைத்து ஈரத்தை எடுப்பதுதான் இந்த வேலையின் சாரம். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் செய்துவிட வேண்டும். கைக்கண்ணாடி ஒன்றைக் கீழே பிடித்தால் விரல் இடுக்கும் உள்ளங்காலும் தெரியும்.

இடுக்கில் வெள்ளையாக ஊறிப்போய் அரித்தால் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பைக் காலை, மாலை பூசுங்கள். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். நாலு நாளில் நிறுத்துவதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. மருந்துக்கடையில் சட்டென்று எடுத்துக் கொடுக்கும், ஸ்டீராய்டு கலந்த மூன்று-நான்கு மருந்துக் கூட்டுக் களிம்பை வாங்காதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும்.

மற்ற இடத்தில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசலாம். தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை, ஆனால் விரல் இடுக்கில் கூடாது. காலையில் பூசி உடனே காலுறை மாட்டினால் எண்ணெய் அதன் இழையைக் கெடுக்கும், மாட்டவும் சிரமம். அதனால் ராத்திரி பூசுங்கள். தடித்துச் சொரசொரத்த இடத்துக்கு 10 சதவீத யூரியா களிம்பு நல்லது.

மெட்டி, கொலுசு, கண்ணேறுக்குக் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் அந்தக் காலிலிருந்து இப்போதே கழற்றிவிடுங்கள். வீக்கம் கூடிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவதும் இதே கணக்குதான். காலிலிருந்து இடுப்பைத் தாண்டி மேலே போக வேண்டிய நீரை அது தடுக்கும். அகலப் பட்டி வைத்த பாவாடை தைத்துக்கொள்ளுங்கள், அல்லது நாடாவைத் தளர்த்துங்கள்.

வெறுங்காலோடு நடப்பது இல்லை, வீட்டுக்குள்ளும்தான். எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்து, வெல்க்ரோ பட்டியால் அகலம் கூட்டிக் குறைக்கும் செருப்பு சரியானது. நாற்று நடவு, களை எடுப்பு, மழைக்காலத்துத் தெருத் தண்ணீர் எதிலாவது கால் வைக்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைப்பதை ஒத்திப்போடாதீர்கள். கோயிலில் காலுறைமேல் தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய்வரலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கி.மீ. வெறுங்காலில் என்பது இந்தக் காலுக்கு ஆகாது. ஆட்டோவில் சுற்றினாலும் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வற்ற வைக்கும் கட்டம்

பலரும் தவறும் இடம் இது. கால் வீங்கியதும் மருந்துக்கடைக்குப் போய் ‘வெரிகோஸ் சாக்ஸ்’ ஒன்று வாங்கி மாட்டுகிறார்கள். காலுறை வீக்கத்தைக் குறைப்பதற்கான பொருள் அல்ல. குறைந்த காலை அப்படியே பிடித்து வைப்பதற்கானது. உப்பிய காலில் அது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, முழங்காலுக்குக் கீழே கயிறு போல இறுகி, பாதத்தையும் தொடையையும் இன்னும் வீங்க வைக்கும். மிக ஆரம்பத்தில், படுத்து எழுந்தால் முழுவதும் வற்றிவிடும் கால் என்றால் மட்டும் நேராகக் காலுறைக்குப் போகலாம். மற்றவர்களுக்கு முதலில் கட்டு.

இரண்டு முதல் நாலு வாரம், நிணநீர் வீக்கத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் தினமும் போக வேண்டிய காலம் இது. மென்மையான நிணநீர் மசாஜ், பல அடுக்குக் கட்டு, கட்டோடு உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு நான்கும் சேர்ந்தது. தினமும் போக முடியாத ஊரில் இருந்தால், சில நாள் அங்கேயே தங்கி, நீங்களும் வீட்டில் ஒருவரும் கட்டுப்போடக் கற்றுக்கொண்டு திரும்புங்கள். படித்து மட்டும் கற்கக்கூடிய வேலை இல்லை இது. சொல்லித்தந்ததை மறக்காமல் இருக்க உதவும் குறிப்புகளே கீழே இருப்பவை.

சாதாரண கிரேப் பேண்டேஜ் இதற்கு ஆகாது. நடக்கும்போது கெண்டைத் தசை புடைக்கும். அப்போது வெளியே இளகாத சுவர் இருந்தால்தான் நடுவில் உள்ள நீர் நெருக்கப்பட்டு மேலே ஏறும். கிரேப் தசையோடு சேர்ந்து விரிந்துவிடும், நீர் நகராது. படுத்திருக்கும்போதோ விடாமல் இறுக்கி மரக்க வைக்கும். வேண்டியது ‘ஷார்ட் ஸ்ட்ரெச்’ எனப்படும், குறைவாக நீளும் பருத்திக் கட்டு. முழுக்காலுக்கு 8 செ.மீ. அகலத்தில் ஒன்று, 10 செ.மீ.யில் இரண்டு அல்லது மூன்று, 12 செ.மீ.யில் இரண்டு என்று தேவைப்படும். துவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

கட்டும் வரிசை:

1. கழுவித் துடைத்து மாய்ஸ்சரைசர் பூசிய காலுக்கு மெல்லிய பருத்திக் குழாய்த்துணி.
2. விரல்களுக்கு 4 செ.மீ. காஸ் கட்டு. விரல் வீங்காதவர்களுக்கும் போடுங்கள், பாதத்தை அழுத்தும்போது நீர் விரலுக்குத்தான் ஓடும். சுண்டுவிரலை விட்டுவிடலாம்.
3. பஞ்சு அல்லது ஸ்பாஞ்ச் அடுக்கு. கணுக்காலின் பின்குழி, முழங்காலின் பின்புறம், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு இவற்றுக்குக் கூடுதலாக வைத்து, காலை உருண்டையான தூண் போல ஆக்குங்கள். குழிகளை நிரப்பாவிட்டால் எலும்பு மேட்டில் தோல் கிழியும்.
4. பாதம் தரையில் நிற்பது போல மடங்கி 90 பாகையில் இருக்க, விரல் அடியிலிருந்து 8 செ.மீ. கட்டைத் தொடங்கிக் குதிகாலையும் மூடி மேலே வாருங்கள். குதிகால் திறந்திருந்தால் அங்கே நீர் பந்து போல நிற்கும்.
5. கெண்டைக்காலுக்கு 10, தொடைக்கு 12. ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இழுப்பு எங்கும் ஒரே அளவு. மேலே தளர்த்த வேண்டியதில்லை. கால் மேலே போகப் பருப்பதால் அழுத்தம் தானாகக் குறையும்.

கட்டு முடிந்ததும் எழுந்து பத்து நிமிடம் நடங்கள். விரல் நுனியை அழுத்தி விட்டால் மூன்று நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரல் நீலமானாலோ, ஜில்லிட்டாலோ, நடந்தும் போகாத வலியோ மரத்தலோ இருந்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். ‘டாக்டர் கட்டச் சொன்னார்’ என்று பல்லைக் கடித்துக்கொள்வது கூடாது. முதல் இரண்டு நாளில் வேகமாக வற்றுவதால் கட்டு தளர்ந்து இறங்கும். அது நல்ல அறிகுறி, மறுபடி கட்டுங்கள். கட்டு இரவும் பகலும் இருக்கும், குளியலுக்கும் மசாஜுக்கும் மட்டும் கழற்றலாம்.

இந்தக் கட்டத்தில் பிறப்புறுப்புப் பகுதியைத் தினமும் கவனியுங்கள். காலிலிருந்து தள்ளும் நீர் அங்கே தேங்கலாம். காற்று நிரம்பிக் காலை அழுத்தும் பம்ப் மெஷின் வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். உடம்பின் மேல்பகுதிக்கு வழி திறக்காமல் மெஷினை மாட்டினால் கால் வற்றும், இடுப்பு வீங்கும். மெஷின் கட்டுக்கும் காலுறைக்கும் துணை மட்டுமே, மாற்று அல்ல. தெரபிஸ்ட் சொன்ன அழுத்தத்துக்கு மேல் வைக்காதீர்கள். அழுத்தம் கூட்டினால் சீக்கிரம் வற்றும் என்ற ஆசை, மீதமிருக்கும் மெல்லிய குழாய்களை நசுக்கும்.

கையால் நீரை நகர்த்துவது

எண்ணெய் விட்டு உருவி விடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிணநீரின் தொடக்கக் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. தோல் இழுபடும் அளவுக்கு அழுத்தினால் போதும். கன்னத்தில் கைவைத்து நகர்த்துவது போன்ற எடை. தோல் சிவந்தாலோ வலித்தாலோ அழுத்தம் அதிகம். எண்ணெய் வேண்டாம், கை வழுக்கும்.

அடிப்படை ஒன்றே: முதலில் போகுமிடத்தைக் காலி செய்ய வேண்டும், பிறகு தள்ள வேண்டும். இடுப்பு வழி அடைபட்டிருப்பதால் போகுமிடம் அதே பக்கத்து அக்குள். வயிறு உப்பும்படி ஐந்து ஆழ்ந்த மூச்சு. காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் மெதுவாகப் பத்து வட்டம். (தைராய்டு மிகை, கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் கழுத்தை விட்டுவிடுங்கள்.) அக்குளில் பத்து வட்டம். பிறகு இடுப்புக்கு மேல் விலாவிலிருந்து அக்குளுக்கு, அடுத்து இடுப்பெலும்பிலிருந்து விலாவுக்கு என்று, அக்குளுக்கு அருகில் உள்ள பகுதியை முதலில் காலி செய்துகொண்டு படிப்படியாகக் கீழே வாருங்கள். அதன் பிறகுதான் தொடை. உள்தொடையிலிருந்து வெளித்தொடைக்கு, வெளித்தொடையிலிருந்து இடுப்புக்கு. பின் முழங்கால், கெண்டைக்கால், கடைசியாகப் பாதம். அங்கிருந்து எல்லாவற்றையும் மறுபடி மேலே அக்குள் வரை. மொத்தம் இருபது நிமிடம். நேராகப் பாதத்திலிருந்து தொடங்குபவர்கள், அடைத்த சாக்கடைக்குள் மேலும் தண்ணீர் விடுகிறார்கள்.

இடுப்பில் கரண்ட் வைத்தவர்களுக்கு வயிற்றை அழுத்தும் மசாஜ் கூடாது, மூச்சுப் பயிற்சி போதும். காய்ச்சலோ கிருமித்தொற்றோ ரத்தக்கட்டியோ இருக்கும்போது மசாஜே கிடையாது.

காலுறைக்கு மாறுதல்

அளவு நோட்டில் ஒரு வாரமாக எண் இறங்காமல் நின்றுவிட்டால் கால் வற்ற வேண்டிய அளவு வற்றிவிட்டது. அன்று காலையிலேயே, கட்டை அவிழ்த்தவுடன், காலுறைக்கு அளவு கொடுங்கள். தைத்து வர வாரங்கள் ஆகலாம். அதுவரை கட்டைத் தொடருங்கள். இடையில் ஒரு வாரம் ‘ஓய்வு’ கொடுத்துவிட்டு, வந்த காலுறை ஏறவில்லை, அளவு தப்பு என்று குறைபடுபவர்கள் நிறைய.

வட்டமாகப் பின்னிய மெல்லிய, தையல் இல்லாத காலுறை வெரிகோஸ் நரம்புக்கு நல்லது. நிணநீர் வீக்கத்துக்கு, முக்கியமாகக் காலின் வடிவம் மாறியிருந்தால், தட்டையாகப் பின்னிப் பின்னால் தையல் வைத்த தடித்த வகைதான் வேண்டும். அது மடிப்புக்குள் புதையாது. அழுத்தம் ஜெர்மன் வகைப்பாட்டில் 2ஆம் வகுப்பு என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம், 3ஆம் வகுப்பு என்றால் 34 முதல் 46. கால் வீக்கத்துக்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. வாங்கும்போது வகுப்பு எண்ணை மட்டும் பார்க்காமல் பாதரச அளவைக் கேளுங்கள், நாட்டுக்கு நாடு வகுப்பு மாறும். வீக்கம் தொடை வரை இருந்தால் முழங்கால் வரையிலான காலுறை போதாது.

மாட்டுவது காலையில் எழுந்தவுடன். பத்து மணிக்கு மாட்டினால் கால் ஏற்கெனவே நிறைந்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். காலுறையைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாகப் பொருத்தி, பிறகு உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்துங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் இழை போய்விடும். விரல் திறந்த காலுறை என்றால் ஒரு வழி உண்டு. வழவழப்பான பாலித்தீன் கவரைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் காலுறையை ஏற்றிவிட்டு, கவரை விரல் வழியாக உருவி எடுக்கலாம். மீந்த நீளத்தை மேலே மடித்துவிடாதீர்கள். இரண்டு மடிப்பு இரண்டு மடங்கு இறுக்கம், அது தொடையில் போட்ட சுருக்கு.

இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று துவைக்க. தினமும் மென்மையான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். துவைப்பது அழுக்குக்காக மட்டும் இல்லை, தளர்ந்த இழை மறுபடி சுருங்குவதற்கும்தான். ஆறு மாதத்தில் அழுத்தம் போய்விடும். சுலபமாக ஏறத் தொடங்கிய காலுறை ஓய்வு பெற வேண்டிய காலுறை.

சித்திரை வெயிலில் இதை மாட்டிக்கொண்டிருப்பது கஷ்டம்தான். காலுறையின் மேலேயே தண்ணீரைத் தெளித்து மின்விசிறியின் கீழ் உட்காருங்கள். குனிய முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வெல்க்ரோ பட்டிகள் வைத்த உறை நல்லது, பகலில் தளர்ந்தால் தாங்களே இறுக்கிக்கொள்ளலாம். எல்லாம் தவறினாலும், வெயிலுக்குப் பயந்து நாள் முழுக்கக் கழற்றி வைப்பதைவிட ஒரு வகுப்பு குறைந்த காலுறையைப் போடுவது மேல்.

அன்றாடம்

காலுறையோடு நடப்பதுதான் மருந்து. காலுறை இல்லாமல் நடப்பதில் பாதிப் பயன்கூட இல்லை. அரை மணி நேரம் நடை, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது இருபது தடவை, படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி நீட்டுவது இருபது தடவை. ஒரே நிலையில் இருப்பதுதான் கெடுதல்: அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது, அரிவாள்மனையில் காலை மடக்கி உட்கார்ந்து காய் நறுக்குவது, கல்யாணப் பந்தலில் சம்மணம், ராத்திரி பஸ்ஸில் கால் தொங்கப் போட்டுத் தூங்குவது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். பஸ்ஸில் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

படுக்கும்போது தலையணையை முழங்காலுக்குக் கீழே மட்டும் வைப்பதால் பயனில்லை. கட்டிலின் கால்மாட்டுப் பக்கக் கால்கள் இரண்டுக்கும் செங்கல் வைத்து 10 முதல் 15 செ.மீ. உயர்த்துங்கள்.

சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் நல்லது. தண்ணீரையும் பருப்பு, முட்டை, மீனையும் குறைக்காதீர்கள். காலில் புரதம் தேங்குகிறது என்பதால் புரதத்தை நிறுத்தும் தப்பான அறிவுரை பரவலாக இருக்கிறது. உடம்பில் அல்புமின் குறைந்தால் வீக்கம் கூடத்தான் செய்யும். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது எந்தக் கட்டுக்கும் குறையாத சிகிச்சை.

பற்றுப் போடுவது, ஒத்தடம், சூடு போடுவது, அட்டை விடுவது எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றும் தோலைத் திறக்கிறது அல்லது சூடாக்குகிறது. அந்தத் தொடையில் ஊசியும் வேண்டாம்.

காய்ச்சல் வரும் நாள்

நடுக்கத்தோடு குளிர்காய்ச்சல், காலில் சூடு, வலி, திடீர் வீக்கம். காலில் எதுவும் தெரியுமுன் காய்ச்சல் மட்டும் முதலில் வருவதும் உண்டு. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. கறுத்து, பளபளத்து, இறுகித் தெரியும். புறங்கையை வைத்து இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சூட்டின் வித்தியாசம் பொய் சொல்லாது. நிறம் மாறிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதுங்கள்.

அன்றே டாக்டரிடம் போய் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும். நிணநீர் வீக்கம் உள்ள காலுக்குக் குறைந்தது 14 நாள் தேவைப்படும். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால் பத்தாம் நாள் திரும்பி வரும். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, 48 மணி நேர மருந்துக்குப் பிறகும் கோட்டைத் தாண்டிப் பரவுதல் இருந்தால் மருத்துவமனையில் சேர்ந்து ஊசி மருந்து எடுக்க வேண்டும். காலை உயர்த்தி ஓய்வெடுங்கள். மசாஜ், பயிற்சி, இறுக்கக் கட்டு எல்லாம் நிற்கட்டும். வலி தாங்கும் அளவுக்குக் குறைந்தவுடன் அழுத்தத்தைத் திரும்பத் தொடங்குங்கள். பலர் பயத்தில் இதை வாரக்கணக்கில் தள்ளிவிடுகிறார்கள்.

வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் வந்தால், தினமும் சிறு அளவு பெனிசிலின் மாத்திரையோ, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசியோ தடுப்பாகப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலுறையே ஒரு தடுப்பு மருந்துதான். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், நாள்பட்ட கால் வீக்கத்தோடு அடிக்கடி இந்தத் தொற்று வந்துகொண்டிருந்த 84 பேரில், அழுத்த சிகிச்சை பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கும், தோல் பராமரிப்பு பற்றிச் சொல்லித்தரப்பட்ட மற்றவர்களில் 40 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது.

தோலிலிருந்து நீர் கசியத் தொடங்கினால் கழுவித் துடைத்து, மாய்ஸ்சரைசர் பூசி, கிருமி நீக்கிய பஞ்சுத் திண்டு வைத்து விரலிலிருந்து முழங்கால் வரை கட்டுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் நின்றுவிடும். திண்டு நனைய நனைய மாற்ற வேண்டும். ஈரத்தில் ஊறும் தோல் தொற்றுக்கு அழைப்பு.

பிறப்புறுப்பு வீக்கத்தையும் அங்கே வரும் நீர்க் கொப்புளத்தையும் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். தெரபிஸ்டிடம் கேட்டால் ஸ்பாஞ்ச் திண்டும் இறுக்கமான அரைக்கால் உள்ளாடையும் வைத்து அழுத்தம் கொடுக்கக் கற்றுத்தருவார்கள். ஆண்களுக்கு விதைப்பையைத் தாங்கும் உறை உண்டு. ஆண் டாக்டரிடம் சொல்லத் தயக்கம் என்றால் கேன்சர் வார்டு நர்ஸிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது புதிதல்ல.

அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பவர்களுக்கு: நிணநீர்க் குழாயைச் சிறு ரத்தநாளத்தோடு நுண்ணோக்கியின் கீழ் இணைப்பது, உடம்பின் வேறிடத்துக் கணுவை எடுத்து வைப்பது, கெட்டிப்பட்ட கொழுப்பை உறிஞ்சி எடுப்பது என மூன்று வகை இருக்கின்றன. முதலாவது ஆரம்ப நிலையில்தான் நன்றாகப் பலிக்கும். கொழுப்பை உறிஞ்சிய பிறகு காலுறையை வாழ்நாள் முழுக்க, இரவும் பகலும் போட வேண்டும். காலுறையிலிருந்து தப்பிக்க அறுவைக்குப் போகிறவர்கள் இதை மேஜையில் படுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.